தாய்மாமன் வெட்டிய ஓலை

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பாதியாக நறுக்கிக் கட்டிய தென்னை ஓலைக் கட்டுடன் லிங்கராஜ் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கினான். அக்கா மகள் அனுஷா முந்தின நாள் பெரியமனுஷியாகியிருந்தாள். அந்த ஊரில் தென்னைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குச்சு கட்டும் ஓலை தாய்மாமன் கையால் வெட்டியதாக இருக்க வேண்டும். அந்தச் சின்ன ஓலைக் குடிசைக்குள் பெண் பதினாறு நாள் தனியே இருக்க வேண்டும். “மருமவ சடங்காயிட்டாளோ?” என்று சொந்த ஊரான பணகுடியில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். லிங்கராஜ் பெருமையாகத் தலையாட்டினான்.

அக்கா இசக்கிசெல்வி குடியிருந்தது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில். குச்சுக்கு மொட்டைமாடியில் இடம் தர வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் கேட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள்.

லிங்கராஜ் ஓலையை வாசலில் சாத்தியதும் அனுஷா பாயிலிருந்து எழுந்து வந்தாள்.

“மாமா, சனிக்கிழம உபஜில்லா ஓட்டப்பந்தயம், பக்கத்து ஸ்கூலெல்லாம் வருது. அறுநூறு மீட்டர். பீரியட்ஸ் வந்தாலும் ஓடலாம், ஒரு குழப்பமும் இல்லன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. பேட் வச்சுக்குவேன்.”

லிங்கராஜ் கைலியில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கைத் தட்டினான். ஒன்றும் ஒட்டாத இடத்தையும் தட்டினான்.

“ஏட்டி, ஆம்பள முன்னால என்ன பேச்சு இது” என்றாள் இசக்கிசெல்வி.

“பின்ன, மாமா எதுக்கு ஓலை வெட்டுனாரு? வீட்டுக்கார சாருக்குத் தெரியும். பணகுடி பூரா போன் போட்டாச்சு. எனக்கு வந்தத நான் மட்டும் சொல்லக் கூடாது, அல்லே?”

“கேட்டியா தம்பி, வாய? அத்தன பேரு முன்னால துணியில பட்டுட்டா?”

“பட்டா கழுவுவேன். டீச்சருக்கு நானே விளிச்சு, காய்ச்சல் இல்லன்னு சொல்லப் போறேன்.”

பஸ்ஸில் அத்தனை பேர் திரும்பிப் பார்த்தபோது தனக்குக் கூசவில்லை என்பது லிங்கராஜுக்கு நினைவு வந்தது. இப்போது இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் சாத்திய ஓலையைப் பார்த்தபடியே கேட்டான்.

“எத்தன மணிக்கு ஓட்டம்?”

“ஒம்பதரைக்கு.”

“அக்கா, குச்சு ஞாயித்துக்கிழம கட்டுதேன்.”

“மாமன்காரனே இப்படிச் சொன்னா நான் யார்ட்ட போய்ச் சொல்ல” என்றாள் இசக்கிசெல்வி. அவனுக்குச் சோறு போடும்போது தட்டைச் சற்றுப் பலமாகவே வைத்தாள்.

சனிக்கிழமை அவளும் மைதானத்துக்கு வந்தாள். ஓட்டம் முடியும்வரை மகளின் பாவாடைப் பின்பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினான்கு பேர் ஓடினார்கள். அனுஷா ஐந்தாவதாக வந்தாள்.