மூன்று அடுக்கு மிதியடி

கேப்டன் என்ற பட்டத்தை அவருக்கு எந்தப் படையும் கொடுக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளைக் காத்துவிட்டு ஓய்வு பெற்றவர், காடு மேடு சுற்றும் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்று தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. அந்தக் குழுவில் ஆறு கேப்டன்கள், இரண்டு கமாண்டர்கள். சிப்பாய் ஒருவரும் இல்லை.

வண்டிக்கு இருபத்து மூன்று வயது. நாலு சக்கரத்துக்கும் விசை போகும் ஜீப். மலை ஏறும், ஆறு தாண்டும் என்றெல்லாம் சொல்லித்தான் விற்றார்கள். அது ஏறிய உயரமான இடம் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் தளப் பார்க்கிங். நாலு சக்கர விசையின் கைப்பிடியை வாழ்நாளில் ஒரே ஒரு முறை இழுத்தார், அதுவும் யாரோ தண்ணீர் விட்டிருந்த ஒரு புல்வெளியில்.

இதையெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவர் அவர் மனைவி. ஒரு நாளும் கத்தியதில்லை, "பாத்து, பாத்து" என்றுகூடச் சொன்னதில்லை. "என் டிரைவிங் மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை" என்று குழுவில் எழுதி, பதினெட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

அந்த மனைவி வண்டியில் ஏறி முப்பத்தெட்டு நாளாகிறது. காய்கறிச் சந்தைக்கு இறங்கும் சரிவில் கேப்டன் பிரேக்கை மிதிக்க, பிரேக் பாதியில் நின்றுகொண்டது. மிதியடி முன்னால் நகர்ந்து மடங்கி அதன் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. வண்டி ஒரு சிமெண்ட் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. மனைவி பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "இனிமே நான் இதுல ஏறலங்க." அவ்வளவுதான். சண்டை இல்லை, சாப்பாட்டில் உப்புக் குறையவில்லை. அக்கா வீட்டுக்கு இப்போது பஸ்ஸில் போகிறார்.

கேப்டன் தனியே இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரிடம் பேசுவது? எதிரே வருகிறவனை யாரிடம் திட்டுவது? இரண்டு முறையும் பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மிதியடியை மாற்றினால் மனைவி ஏறுவார் என்ற நம்பிக்கையில்தான் இன்று சீட் கவர் கடை வாசலில் நிற்கிறார்.

கடைக்காரம்மா நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் அளவு டேப், கையில் பெரிய கத்தரிக்கோல்.

"சொல்லுங்க சார். கார்பெட்டா, ரப்பரா, லெதரா? அஞ்சு டி, ஏழு டி எல்லாம் இருக்கு."

"மூணு டிக்கு மேல என்னம்மா இருக்கு?"

"விலை சார்."

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நமக்கு ஓரம் உயரமா, தட்டு மாதிரி இருக்கிற ரப்பர்தான் சரி. சேறு, சகதி, ஆத்துத் தண்ணி எல்லாம் உள்ள வரும் பாருங்க."

கடைக்காரம்மா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். மேல் மிதியடியை உருவினார். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று.

"என்ன சார், வெங்காயமா?"

"கடைசியில இருக்கிறது ஒரிஜினல்மா. கம்பெனியிலேர்ந்து வந்தது. அழுக்காகக் கூடாதுன்னு அது மேல ஒண்ணு போட்டேன். அது தேஞ்சுச்சு, அது மேல இன்னொண்ணு..."

"தரையில கொக்கி இருக்கு பாருங்க. மிதியடி நகராம பிடிக்கத்தான் வச்சிருக்கான். நீங்க அது மேல மெத்தை மேல மெத்தையாப் போட்டுத் தூங்க வச்சுட்டீங்க. அப்புறம் வழுக்காம என்ன செய்யும்? சேறு எங்க சார்? பிஸ்கட் தூள்தான் இருக்கு."

கேப்டன் வானத்தைப் பார்த்தார்.

கடைக்காரம்மா மறுபக்கம் போனார். அங்கே அடுக்கு ஏதும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு அத்தனை மரியாதை தேவை என்று கேப்டனுக்குத் தோன்றியதில்லை. ஒரே ஒரு பழைய கார்பெட். அதைத் தூக்கிப் பிடித்தார். வலது குதிகால் படும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் கீழே தரையில் பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டியா சார்?"

"இல்லையே, ஏன்?"

"இந்தப் பக்கமும் யாரோ பிரேக் போட்டிருக்காங்களே! உங்க பக்கத்தை விட இங்கதான் நிறைய மிதிச்சிருக்காங்க."

கேப்டன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மறுபக்கம் வந்தது. பதினெட்டுக் கைதட்டலும் அதன் வழியாக இறங்கிப் போயின.

"ஓரம் உசந்த ரப்பர் வேண்டாம்மா" என்றார். "அவளுக்கு இறங்கும்போது கால் தடுக்கும். சாதா வரி ரப்பர் போதும். ரெண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கிடுங்க. அப்புறம், குதிகால் வைக்கத் தடிமனா ஒரு பட்டை தைப்பீங்களே..."

"அது ஓட்டுறவங்க பக்கம் மட்டும்தான் சார்."

"ரெண்டு பக்கமும் தைங்க."

கடைக்காரம்மா ஏதோ கேட்க வாயெடுத்து, ஓட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பழசெல்லாம் தூக்கிப் போட்டுடவா?"

"அந்த ஓட்டைக் கார்பெட்டை மட்டும் சுருட்டிக் குடுங்க."

வீட்டில் அதைக் கூடத்தில் விரித்தபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஐயே, குப்பையை எதுக்கு உள்ள கொண்டு வர்றீங்க?"

"எத்தனை வருஷமா?"

மனைவி ஓட்டையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "முதல் நாள்லேர்ந்தே."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பதில் சொல்றதுக்கு என் பக்கம் திரும்புவீங்க. ரோட்டை யாரு பாக்குறது?"

கேப்டன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "புது மிதியடி போட்டிருக்கேன். வந்து இழுத்துப் பாரு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முதலில் ஓட்டுநர் பக்க மிதியடியைத்தான் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மறுபடி, இரண்டு கையாலும். அசையவில்லை. பிறகுதான் தன் பக்கம் வந்து ஏறி உட்கார்ந்தார். காலடியில் தடித்த பட்டை.

"இது என்னது?"

"உன் பிரேக்குக்கு."

மனைவி சிரிக்கவில்லை. குதிகாலை மட்டும் அதன் மேல் சரியாக வைத்துக்கொண்டார். "அக்கா வீட்டுக்கே போங்க. மெதுவா."

தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. இரண்டு வலது கால்களும் ஒன்றாக இறங்கின. வண்டி நின்றது. அது யார் போட்ட பிரேக் என்று கேப்டன் விசாரிக்கவில்லை.