காஜா மொய்தீனின் இடது குதிகால்

என் வீட்டுக்காரர் காஜா மொய்தீனுக்கு இரண்டு கால்களும் ஒன்று போலத்தான் இருந்தன. ஆனால் வியாசர்பாடியிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் பந்து விளையாடுகிறவர்கள் எல்லாரும் அவருடைய இடது காலைப் பற்றித்தான் பேசுவார்கள். பகலில் அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. சாயங்காலமானால் வியாசர்பாடி டீமில் இடது ஓரத்து ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் வெறுங்கால் ஆட்டந்தான். காஜாவின் காலுக்குப் பந்து வந்துவிட்டால் எதிர் டீமின் கோல்காரன் சாகப்போகிறவன் மாதிரி கலிமா சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்று அவருடைய தோஸ்து நீலமேகம் சொல்லுவார். நீலமேகம் ரயில் பட்டறையில் ஃபிட்டர், டீமுக்குக் கேப்டன். தோஸ்துக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

முப்பத்தைந்தாம் வருஷம், மழைக்காலம் தொடங்குமுன் தண்டையார்பேட்டை மைதானத்தில் ஓர் ஆட்டம். கோட்டுக்கு வெளியே உருண்ட பந்தை விரட்டிக்கொண்டு ஓடியவர், பக்கத்துக் கிடங்கிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த தகரத்தின் ஒரு முனையை மிதித்துவிட்டார். மறுமுனை எழும்பி வந்து குதிகாலுக்கு மேலே வெட்டியது. கெண்டைக்காலைக் குதிகாலோடு பிடித்து வைத்திருக்கிற, கயிறு போன்ற தசைநாண் அங்கேதான் இருக்கிறது. எங்கள் தெருவில் அதைக் குதிநரம்பு என்போம். அது அறுந்துபோனது. நீலமேகம் அவரை ஜட்காவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

டாக்டர் அறுந்த இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார். எனக்கும் தையல்தான் தொழில். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் ரவிக்கை, பாவாடை, பிள்ளைகள் சட்டை எல்லாம் என் மிஷினில்தான் ஆகும். அதனால் டாக்டரிடம் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "ஒத்தைத் தையலா, ரெட்டைத் தையலாங்க?"

அவர் சிரித்தார். "ரெட்டைத் தையல்தான் அம்மா. பட்டு நூல். நீங்கள் தைத்ததைவிடக் கெட்டியாக இருக்கும். ஆனால் துணி உங்களிடம் அடம் பிடிக்காது. இவர் பிடிப்பார் போலிருக்கிறதே."

பாதத்தைக் கீழே சாய்த்த மாதிரி வைத்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது, உள்ளேயிருந்து வந்த கால் வேறு யாருடையதோ போல இருந்தது. கெண்டைக்கால் இளைத்து, தோல் வெளுத்து, கணுக்கால் மடங்காமல் மரமாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இனி மெதுவாக அசைக்க வேண்டும். உட்கார்ந்தபடி முன்பாதத்தை அழுத்து, குதிகாலைத் தூக்கு, இறக்கு. பாரம் கூடாது. பிறகு நடை. ஒரு நாள் இந்தக் கால் ஒன்றில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கி, முன்விரலில் நிற்க வேண்டும். அது வருகிற வரைக்கும் ஓட்டமும் கிடையாது, பந்தும் கிடையாது."

"வராமப் பூட்டா?" என்று கேட்டார் இவர்.

"சிலருக்கு வருவதில்லை. அவசரப்பட்டவர்களுக்கு நிச்சயமாக வருவதில்லை."

ஜட்காவில் திரும்பும்போது, மின்ட் தாண்டுகிற வரைக்கும் அவர் அந்த இளைத்த காலைத் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம், "பதுரு, பொங்கலுக்குத் தண்டையார்பேட்டையோட மேச்சு கீது" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். சும்மா உட்கார்ந்து அறியாத மனுஷர். சந்தில் நடக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுவார், பூனையோடு சண்டை போடுவார். ஒரு நாள் நான் கொல்லையில் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது உள்ளே மிஷின் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், இவர் என் முக்காலியில் உட்கார்ந்து, இடது பாதத்தை மிதிபலகையில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி, நூலெல்லாம் அடியில் சிக்கிக் கொண்டை போட்டிருந்தது. புதிதாக மிதிக்கிறவர்கள் எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் ஆகும்.

"இன்னாங்க இது, நூலு அத்தனையும் பாழ்!"

"திட்டாத பதுரு. காலப் பாரு. குதி ஏறுது, எறங்குது. டாக்டரு சொன்னது இதானே?"

பார்த்தேன். அதேதான். பலகை முன்னே சாய்ந்தால் விரல் அழுந்துகிறது, பின்னே சாய்ந்தால் குதிகால் இறங்குகிறது. உடம்பின் பாரம் முழுக்க முக்காலி மேல். கையால் சக்கரத்தை முன்பக்கம் தள்ளிக்கொடுத்து மிதிக்கக் காட்டிக்கொடுத்தேன். அவர் மிதித்தார், நான் பக்கத்தில் நின்று துணியைத் தள்ளினேன். அவர் மிதிக்கிற சத்தம் என்னுடையதைப் போல ஒரே சீராக இருக்காது. கோல் பக்கம் நெருங்குகிற மாதிரி வரவர வேகமெடுக்கும். அவர் மௌத்தாகி அடக்கம் பண்ணி வருஷங்கள் ஆகிவிட்டன, மிஷினில் இப்போது ஒரு சத்தந்தான்.

மறுநாள் காலையிலேயே விஷயம் சந்து முழுக்கப் பரவிவிட்டது. கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு வந்த கெங்கம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னா நைனா, கோலு போட்ட காலு பாவாட தைக்குது?"

"தைக்கலக்கா. மிதிக்கிறேன்."

"மிதி, மிதி. என் ரவிக்க ஒண்ணு கீது, அதையும் மிதி. ஆனா கோலு போடுற மாரி போட்டுடாதே, ரவிக்க தெரு தாண்டிப் பூடும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக நேர்தையல் தானே போடக் கற்றுக்கொண்டார். நீலமேகம் டீமுக்குச் சட்டை தைக்க நீலத் துணி வாங்கிக் கொண்டுவந்து போட்டார். வெட்டினது நான், தைத்தது இவர். நீலமேகத்தின் சட்டைக்கு மட்டும் இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் சேர்த்துவிட்டார். போட்டுக்கொண்டு நீலமேகம் கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மார்புக்கு ஏறிற்று.

"மாமு, இது இன்னா சட்டையா, தலகாணி ஒறையா?"

"கேப்டன்னு தெரிய வாணாமா? அதுக்குத்தான் தனியாத் தச்சேன்."

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கணுக்காலை மடக்கிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு இவர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு விரலை ஆட்டிச் சொன்னார்: "நல்ல காரியம். ஆனால் தினம் அரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு பாவாடைகூடக் கூடாது."

அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று, ரம்ஜான் வருகிற வரைக்கும்.

நோன்புப் பெருநாள் துணியில் ஒரு சங்கடம் உண்டு. இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்த சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகையால் தையல்காரர்கள் இருபத்தொன்பதுக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். எங்கள் சந்திலும் பக்கத்துச் சந்துகளிலும் இருக்கிற பிள்ளைகளின் துணியெல்லாம் எங்கள் வீட்டில் மலையாகக் குவிந்தது. இவர் நோன்பு பிடித்துக்கொண்டு வேறு வேலையில்லாமல் இருந்தவர். "சமையலப் பாரு, போ" என்று என்னை எழுப்பிவிட்டு, பகல் முழுக்க மிதித்தார். நான் தடுத்தபோதெல்லாம், "பந்தாட்டக்காரனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். பெருநாள் சட்டைக்கு வந்து நிற்கிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப அவருக்கு வாய் வராது.

ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு எழுந்து நின்றவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். குதிநரம்பு இருந்த இடம் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்து, "தையல் விடவில்லை. தப்பித்தாய்" என்றார். வீக்கம் வடிகிற வரைக்கும் மிஷின் கிடையாது. குதிகால் எழும்புமா என்று கேட்டதற்கு, "பெருநாள் கழித்து வா, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மிஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். மிஷின் சத்தம் கேட்டால் இவர் கால் சும்மா இருக்காது, அதனால் பெருநாள் வரைக்கும் மிச்சத் துணிக்குக் கைத்தையல்தான். மாடியில் குடியிருந்த அஜீசுன்னிசா மச்சி வந்தாள். கெங்கம்மாவும் புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து பட்டன் தைக்க உட்கார்ந்தாள். "நல்லா மோந்து பாருங்கடி. மீன் நாத்தம் இருந்தா பூனைங்கதான் பெருநாள் கொண்டாடும்."

அவர் மட்டும் சிரிக்கவில்லை. வீக்கம் வடிந்தது. இரண்டு காலிலும் சேர்ந்து நின்றால் குதிகால்கள் எழும்பின. வலது காலைத் தூக்கிவிட்டால், இடது குதிகால் தரையில் ஆணி அடித்த மாதிரி ஒட்டிக்கொண்டது. தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். ஒரு நாள் நீலமேகம் வாசலிலிருந்தே அதைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மாமு, பேஜாராவாதே. பொங்கலுக்கு இடது பக்கம் வேற ஆளப் போட்டுக்கினு போறேன். நீ அப்புறமா வா."

"போடு" என்றார் இவர்.

அன்றைக்கு நோன்புக் கஞ்சியை அவர் பாதியில் வைத்துவிட்டார். தன் நீலச் சட்டையை மடித்து டிரங்குப் பெட்டியில் எல்லாத் துணிக்கும் அடியில் வைத்தார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். கடல் எங்களுக்குக் கிழக்கே, பிறை மேற்கே. எனவே ராயபுரத்தில் பிறை பார்க்கிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். மேற்கே ஒரு கிடங்கின் கூரை பாதி வானத்தை மறைத்தது, மேகம் வேறு. ஆண்பிள்ளைகள் முன்னால், நாங்கள் பின்னால். தைத்த துணிகளைத் தூக்கிக்கொண்டு வந்த கெங்கம்மாவும் எங்களோடு ஏறிவிட்டாள். படியில் மெதுவாக வந்ததால் இவர் ஆண்கள் வரிசையில் கடைசி ஆள். அவருக்கு நேர் முன்னால் வீட்டுச் சொந்தக்காரர் கலீலுல்லா பாய், உயரமான துருக்கித் தொப்பியோடு.

"அதோ! அதோ!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. இவருக்கு முன்னால் தொப்பி. இடது பக்கமாக எட்டிப் பார்த்தார், போதவில்லை. இன்னும் சாய்ந்தார். வலது கால் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் ஆடிற்று.

நானும் "அதோ!" என்று கத்திவிட்டேன்.

"எங்கடி? எங்க?" என்றாள் அஜீசுன்னிசா மச்சி.

"கீழ."

இடது குதிகால் தரையில் இல்லை. மூன்று விரற்கடை உயரத்தில் நின்றது. முன்விரல்கள் தரையை அழுத்தி, இளைத்துப்போன கெண்டைக்கால் உருண்டு திரண்டு நின்றது. அவர் மட்டும் பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, காலு! உங்க காலு!"

ஏதோ மிதித்துவிட்டோம் என்று நினைத்துப் பதறிக் காலை ஊன்றிவிட்டார். சொன்னால் நம்பவில்லை. பெருநாளை மறந்து எல்லாரும் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். "இன்னொரு தபா, பாய்!" அவர் வலது காலைத் தூக்கினார். குதிகால் எழும்பவில்லை. மறுபடி முயன்றார். இல்லை. முகம் வாடியது.

"அவன் காலயே பாத்தா எப்டி வரும்?" என்று கெங்கம்மா எல்லாரையும் விலக்கினாள். "பிறயக் காட்டுங்க அவனுக்கு."

கலீலுல்லா பாய்க்கு உடனே புரிந்துவிட்டது. தொப்பியைச் சரியாக அமுக்கி வைத்துக்கொண்டு இவருக்கு முன்னால் போய் விறைத்து நின்றார். "நான் மறைக்கிறேன். நீ பாரு."

அவர் எட்டிப் பார்த்தார். குதிகால் எழும்பியது. எழும்பி, நின்றது. மாடி முழுக்க எழுந்த சத்தத்தில், பிறை இரண்டாம் தடவை தெரிந்துவிட்டதோ என்று பக்கத்து மாடிக்காரர்கள் குழம்பிப்போனார்கள்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நடையைக் கூட்டச் சொன்னார், பிறகு மெதுவான ஓட்டம். பொங்கல் ஆட்டத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. இவரும் கேட்கவில்லை, கோட்டோரம் கொடி பிடித்து நின்றார். டீம் ஒரு கோலில் தோற்றது. சட்டை கையைத் தூக்க விடவில்லை என்று நீலமேகம் பழியை இவர் மேல் போட்டார்.

வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம்தான் அவர் மறுபடி ஆடினார். நான் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் நீலமேகத்தின் குரல் முதலில் வந்தது: "தங்கச்சி! கோல்காரன் கலிமா சொல்லிக்கினே பூட்டான்!" பின்னாலேயே இவர் வந்தார். உடம்பெல்லாம் புழுதி. நீலச் சட்டை தோளிலிருந்து விலா வரைக்கும் கிழிந்து தொங்கியது. யாராவது பிடித்து இழுத்தார்களா என்று கேட்டேன்.

"எவனும் என் பக்கத்துலயே வரல. தையலு வுட்டுக்கிச்சு."

"எந்தத் தையலு?"

காலைத் தூக்கிக் காட்டினார். "இது இல்ல. இது டாக்டரு தச்சது. சட்டதான். அது நான் தச்சது."

நீலமேகம் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நேராக மிஷினில் போய் உட்கார்ந்தார். நான் தைக்காத நேரமெல்லாம் இன்னமும் அரிசி டின்னில்தான் இருந்த பெல்ட்டை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு மாட்டினேன்.

"அரை மணி நேரந்தான்" என்றேன்.