இரண்டு தாள் ஒன்றாக

நீதிமன்றக் கட்டுகளைப் படமெடுக்கும் எங்கள் வேலையில் பெரிய பிழை ஒன்றுதான்: இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டுவது. கண்ணாடியை உயர்த்தி, தாளைப் புரட்டி, கண்ணாடியை இறக்கி, காலால் மிதியை அமத்தினால் ஸ்கானரின் இரண்டு கமராக்களும் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துவிடும். பழைய வழக்குத் தாள்களோ மன்னாரின் உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை. கவனிக்காமல் புரட்டினால் நடுவில் இருப்பது உலகத்துக்கே இல்லாமல் போய்விடும். "வாசிக்காதேங்கோ அக்கா, புரட்டுங்கோ" என்பான் எங்கள் மேற்பார்வையாளன் ஸப்ராஸ். பொய் சொல்வானேன், காணிச் சண்டைகளை மட்டும் வாசித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தான். 1986ஆம் ஆண்டு மரண விசாரணைக் கட்டு. கண்ணாடிக்குக் கீழே "மேரி ரோஸ், வயது 26, பள்ளிமுனை" என்று கிடந்தது. என் அம்மா. "சடலத்தைப் பார்த்தேன். இவர் என் கணவர் அல்லர்." கீழே அவருடைய கையெழுத்து, இன்றும் போடும் அதே கோணல் எழுத்து. சடலத்தின் அடையாளமும் எழுதியிருந்தது: இடக்கைச் சுண்டுவிரல் பாதி.

அப்பாவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பாதி விரல் மட்டும்தான். ஐந்து வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போவேன். கடலுக்குப் போன தன் கணவர் சிங்கராசாவைக் காணவில்லை என்று அம்மா முப்பத்தொன்பது வருடமாகச் சொல்கிறார். காணாமற்போனவர்களுக்காக எங்கே கூடினாலும் அப்பாவின் படத்தோடு போய் நிற்பார். போன கிழமையும் வெயிலில் நின்றுவிட்டு வந்து தலையிடி என்று படுத்தார். மரணச் சான்றிதழ் எடுப்போம் என்றால் இரண்டு நாள் என்னோடு கதைக்கமாட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு பயம். இது படமானால் யாரும் தேடி எடுக்கலாம். அம்மாவோடு தெருவில் நிற்கும் பெண்களில் ஒருத்தியின் பிள்ளை கண்டால் போதும். மிதியை அமத்தாமல் புரட்டிவிட்டால், இரண்டு தாள் ஒன்றாகப் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பாக்கு எந்தக் கையம்மா, அந்தப் பாதி விரல்?"

மீன் பொரியும் சத்தத்துக்கு மேலால் அம்மாவின் குரல் வந்தது.

"அந்தக் கட்டும் வந்திட்டுதோ" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதற்குப் பயந்துகொண்டே எனக்குச் சோறு கட்டித் தந்திருக்கிறார்.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்ர சித்தப்பாமார் ரெண்டு பேரும் பிடிபட்டு வெளியில ஆமி ட்ரக்குக்குள்ள இருந்தவை பிள்ளை. நான் ஓமெண்டால் அவரை இயக்கமெண்டு எழுதி, அவையளையும் விட்டிருக்க மாட்டாங்கள். ஒருக்காச் சொன்னதைப் பிறகு எப்பிடி மாத்திறது?"

சித்தப்பாமார் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். அவர்களிடமும் அம்மா இதைச் சொன்னதில்லை.

"இந்தப் பக்கத்தை விட்டிட்டுப் போறன் அம்மா. ஒருத்தருக்கும் தெரியாது."

"அவரைத் தாட்ட இடம் போட்டிருக்கோ?" என்று கேட்டார்.

இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் நாளில் சேமக்காலைக்குப் போனால், எங்கள் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தி முடிந்ததும் அம்மா தெற்கு மதிலோரம் தனியாகப் போவார். ஆருமில்லாத ஆத்துமாக்களுக்கு என்று அங்கே ஒரு மெழுகுதிரி வைப்பார். நான் அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த தாள் இதோடு ஒட்டிக் கிடந்தது. நான் விட்டுப் புரட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். மெல்லிய தகட்டை இடையில் விட்டுப் பிரித்தேன். அடக்கக் கட்டளை.

"வடக்கு மதில் அம்மா. மூலையில இருந்து நாலாவது."

"வடக்கோ?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நான் தெற்கிலயெல்லோ பிள்ளை வைச்சனான். இவ்வளவு காலமும்."

போனை நிறுத்தாமல் எங்கோ வைத்துவிட்டார். மீன் பொரிந்த சத்தம் அடங்கியது. மேசை லாச்சி இழுபட்டது. நெருப்புப்பெட்டியைக் காதடியில் குலுக்கிப் பார்ப்பது கேட்டது. பிறகு படலை திறந்தது.

தாளை மறுபடி அம்மாவின் கையெழுத்துப் பக்கத்துக்குத் திருப்பிக் கண்ணாடியை இறக்கினேன். கால் மிதியின் மேல் இருந்தது. படலை சாத்தும் சத்தத்துக்காகப் போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை; அம்மா திறந்தபடியே விட்டுப் போய்விட்டார்.