நாளைக்கு ஐம்பத்தைந்து ரூபாய்

விடுதி மெஸ்ஸை நிறுத்திக்கொள்வதாக ஆரோக்கிய அனிதா எழுதிக் கொடுத்தபோது அலுவலகத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. ‘சொந்தக் காரணம்’ என்று போட்டால் போதும் என்றார்கள். போட்டாள்.

சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருடம். வீடு கடலூரைத் தாண்டிக் குடிகாட்டில். அப்பா லூர்துசாமி செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஜூலை மாதம், பகல் ஷிஃப்டில், ஏணியிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் கம்பெனி கொடுத்த பணத்தில் இரண்டு லட்சத்தை அம்மா பாத்திமா மேரி மகள் கணக்கில் போட்டாள்.

“ஃபீஸு, மெஸ்ஸு எல்லாத்துக்கும் இதுலேருந்து எடுத்துக்கோ” என்றாள்.

அனிதா ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று தீர்மானித்ததாகவும் சொல்ல முடியாது. இரண்டு முறை ஏ.டி.எம். வரிசையில் போய் நின்றாள். இரண்டு முறையும் தன் முறை வந்ததும் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ஆசிரியர் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததில் மாதம் இரண்டாயிரம் வந்தது. ஃபோனுக்கும் சோப்புக்கும் முந்நூற்றைம்பது போனால், ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து ரூபாய். காலையில் டீயும் பன்னும் இருபது. மதியம் ரயில்வே கேட் பக்கத்துத் தள்ளுவண்டியில் தக்காளி சாதம் முப்பது. மிச்சத்துக்கு ராத்திரி ஒரு வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டி வராது. அந்தக் காசில் பொரி வாங்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள்.

பசி எடுக்காதது வசதியாக இருந்தது. வாயில் போட்டதை மென்றாள், விழுங்கினாள். உப்பா, புளிப்பா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வகுப்புக்குப் போனாள், குறிப்பு எடுத்தாள், தேர்வும் எழுதினாள். சுடிதார் பேண்ட்டின் நாடாவை முன்பைவிட இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அறைத்தோழி வினோதினி ஒருநாள் மெஸ்ஸிலிருந்து டப்பாவில் சாம்பார் சாதம் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“என் பங்குலதான் வாங்குனேன்டி. சாப்புடு.”

“இப்பதான் சாப்ட்டேன்.”

“எங்க?”

“வெளில.”

 வினோதினி டப்பாவை மூடி அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அது மறுநாள்வரை அப்படியே இருந்து ஊசிப்போனது.

நவம்பரில் விடாமல் மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை, பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். பார்வையாளர் அறையில் அம்மா நனைந்த குடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் இறால் உரிக்கும் வேலை அவளுக்கு. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

“என்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?”

“பேங்குல என் நம்பர்தானே குடுத்துருக்கு. நீ பணம் எடுத்தா எனக்கு மெசேஜ் வரும். மூணு மாசமா ஒண்ணும் வரல. போன்தான் ரிப்பேராப் போச்சோன்னு கடையில காட்டுனேன். போன் நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாங்க.”

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். இளைத்துவிட்டாயே என்று சொல்லவில்லை. “வா, சாப்புடலாம்” என்று குடையை எடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் இரண்டு மீன் சாப்பாடு சொன்னாள்.

“நூத்தி முப்பது போட்டுருக்கான்மா.”

“எனக்கும் படிக்கத் தெரியும்.”

இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பும் ஊற்றிவிட்டுப் போனார்கள். அனிதா பிசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பணத்துல ஏன் கை வைக்கல?” என்றாள் அம்மா.

“அப்பாவத் தின்ற மாதிரி இருக்குதும்மா.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ரசம் கொண்டுவந்தவர் இவர்கள் இலையைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அம்மா மீனிலிருந்து முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள் வூட்ல அரிசி இல்ல. திருப்பாதிரிப்புலியூருக்குப் போயி அந்தப் பணத்துலதான் ஒரு மூட்டை வாங்குனேன். பஸ்ல காலுக்கடியில போட்டுக்கிட்டு வந்தேன். வந்த ஒடனே ஒலை வச்சேன், சங்கரா மீனு வாங்கிக் கொழம்பும் வச்சேன். தனியா உக்காந்து சாப்ட்டேன்.”

அனிதா நிமிர்ந்து பார்த்தாள்.

“நல்லா இருந்துச்சுடி. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எப்புடி நல்லா இருக்கலாம்னு. ரெண்டாவது வாட்டியும் போட்டுச் சாப்ட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ மட்டும் சொன்னியா?”

அழுகை வரும் என்று அனிதா காத்திருந்தாள். வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. முள் எடுத்த மீனை அம்மா அவள் இலைக்குத் தள்ளினாள்.

“உப்பு கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டான். பரவால்ல, சாப்புடு.”

ஜாஸ்தியா என்று அனிதாவுக்குத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டுப் பிசைந்தாள். நேரமாயிற்று, ஆனால் இலையில் இருந்ததை முடித்தாள்.

ஏ.டி.எம்.மில் கூட்டம் இல்லை. அம்மா வாசலில் நின்றாள். நாலாயிரம் என்று அழுத்தியதும் இயந்திரம் சத்தம்போட்டு நோட்டுகளை நீட்டியது. எல்லா நோட்டுகளையும் போல இருந்தன. விடுதி அலுவலகத்தில் முன்பணம் கட்டி, மறுநாள் காலையிலிருந்து சாப்பாடு என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

கடலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஷட்டரைத் தூக்கினாள்.

“ஞாயித்துக்கிழமை வா. கல்லறையில புல்லு மண்டிக் கெடக்குது. ரெண்டு பேரும் புடுங்கிட்டு வந்துடலாம்.”

“வரேன்.”

மறுநாள் மெஸ்ஸில் பொங்கல். வினோதினி எதுவும் கேட்காமல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அன்றைய தேர்வில் எந்தக் கேள்வி வரும் என்று பேசிக்கொண்டே சட்னி வாளியை இவள் பக்கம் தள்ளினாள். அனிதா முக்கால்வாசி சாப்பிட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் குழாயடியில் தட்டைக் கழுவினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. ஒன்பது மணிக்குத் தேர்வு. பேனாவை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.