சிவப்பு விழுந்த இடம்

மீன் ஏலக் கொட்டகையில் மாட்டியிருந்த ஐபேடின் முறைப் பட்டியலில், பொன்னுரங்கம் என்ற பெயரின் நடுவே ‘ரங்க’ மட்டும் சிவந்து நின்றது. முகத்துவாரத்தில் வலை போட இன்றைக்கு யார் முறையோ, அவர் பெயர்தான் முழுதாகச் சிவக்க வேண்டும். நேற்றைய மழைக்கு இறால் அள்ளிக்கொண்டு வரும் நாள். முறை எழுதிய நோட்டோடு ஊர்த் தலைவர் பொன்னேரிக்குப் போயிருந்தார். பொன்னுரங்கம் தன் படகில் வலையை ஏற்றிவிட்டார், தனசேகரும் தன் படகில் ஏற்றிவிட்டார்.

ஐபேடில் ஓடும் முறைச் செயலியை எழுதியவள் தனசேகரின் மகள் ஜமுனா. நோட்டைப் பார்த்துப் பதிந்தவளும் அவளே. இன்றைய முறை தன் நைனா தனசேகருடையது என்று அவளுக்குத் தெரியும். இப்போது கைவைத்தால் அப்பனுக்காக மாற்றிவிட்டாள் என்பார்கள். விட்டாலோ நைனாவுக்கு அடுத்த முறை வர இருபது நாளாகும்.

“இன்னா ஜமுனா, எம்பேர்லதானே செவப்பு வுழுந்துக்குது?”

“பாதிப் பேர்லதான் மாமா. அஞ்சு நிமிசம் குடுங்க.”

லேப்டாப்பைத் திறந்தாள். ஆபீசில் ஆங்கில எழுத்தில் பெயர்களை அடித்துச் சோதித்தபோது அச்சுப் பிசகாமல் விழுந்த நிறம், தமிழில் ஏன் தடம் மாறுகிறது? எல்லாப் பெயரும் ஒரே வரியாக ஓடும் பட்டியலில், முதல் பெயரான மாசிலாமணியின் எழுத்துகளை எண்ணிப் பார்த்தாள். செயலியை எழுதிய ஸ்விஃப்ட் மொழியின் கணக்கில் ‘மா’ ஒரே எழுத்து. நிறம் பூசும் பழைய பகுதிக்கோ ‘ம’ ஒன்று, துணைக்கால் ஒன்று. மொத்தம் ஐந்தா, ஒன்பதா? இவள் ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதன் கையில் கொடுத்திருக்கிறாள்! பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடி எடுத்த ரேஞ்சை, அது கிடைத்த பட்டியலோடு சேர்த்துக் கொடுத்தால் போதும், ஒரு கணக்கை மற்றதாகத் தானே மாற்றிக்கொள்ளும். நிரலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. சந்தோஷமாக அதை அடித்து முடித்தாள்.

“கண்டுபுடிச்சிட்டேன்!” என்று அவள் போட்ட கூச்சலில் கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. “உங்க நைனா பேரு வரும்னு எனுக்குத் தெரியாதா? மொதல்ல எம்பேர முழுசா செவக்க வை, பாக்கலாம்.”

சோதனைக் கட்டத்தில் அவர் பெயரை அடித்தாள். ‘பொ’ தொடங்கிக் கடைசி ‘ம்’மின் புள்ளிவரை திகுதிகுவென்று சிவந்தது.

“அத்த அப்டியே வுடு, என் மொறை வர்ற அன்னிக்கு இப்டிதான் நிக்கணும்,” என்று தன் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு ‘இன்று’ என்ற பொத்தானை அவரே தட்டினார். சிவப்பு ஒரே தாவாகத் தாவி, தனசேகர் என்ற பெயரை ஒரு எழுத்து விடாமல் நிறைத்தது.

அவர் தன் படகுக்குப் போய், ஏற்றிய வலையை மணலில் இறக்க ஆரம்பித்தார். ஜமுனா லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வலையின் மறுமுனையைப் பிடித்தாள்.