முழுசாக நின்ற பெப்டைடு

திரையில் பெப்டைடின் அளவைக் காட்டும் கூர்முகடான பீக் அப்படியே நின்றது. ரத்த சீரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்த பெப்டைடு, போட்டபோது இருந்த அளவில் துளியும் குறையவில்லை. அதைத் தயாரித்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"என்ன சகலை, முகம் இப்படிப் போகுது? ஜெயிச்சிட்டீங்க!" என்றான் சோதனை செய்தவன். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஆய்வகத்திலும் அடுத்தடுத்த மேஜை.

பெப்டைடு மருந்துக்கு ஆயுசு குறைவு. ரத்தத்திலுள்ள நொதிகள் அந்த அமினோ அமிலச் சங்கிலியைக் கண்டதுண்டமாக வெட்டிவிடும். அவை முதலில் வாய் வைக்கும் இரண்டு இடங்களைப் பார்த்து, சங்கிலியின் முதுகெலும்பில் இருக்கும் நைட்ரஜன் மேல், நொதிக்குப் பிடி கிடைக்காதபடி, தயாரித்தவன் மெத்தில் என்ற சின்னக் கார்பன் தொகுதியை ஏற்றியிருந்தான். வெட்டு தாமதமாகும் என்றுதான் நினைத்தான். வெட்டே விழவில்லை என்றால்? மற்ற இடங்கள் திறந்துதானே கிடக்கின்றன?

போன வாரம் மாமனார் வீட்டில், இந்த முறையும் தேறாவிட்டால் ஆய்வகத்தை நடத்தும் மேடம் திட்டத்தையே மூடிவிடுவார் என்று வாய்தவறி உளறியிருந்தான். கொழுந்தியாள் உடனே தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏதாவது பண்ணக்கூடாதா?"

சகலை ஏதாவது பண்ணிவிட்டானோ?

"மெத்தில் இல்லாத சாதாரண பெப்டைடையும் இதே சீரத்துல போடுங்க," என்றான் சகலையிடம்.

"அது ஒரு மணி நேரத்துல காலியாயிடும்னு ஊருக்கே தெரியும். மதியம் மேடம் எலிச் சோதனைக்கு அனுப்பக் கையெழுத்துப் போடப் போறாங்க. இப்பப் போயி எதுக்கு வெட்டி வேலை? என் மேல நம்பிக்கை இல்லையா?"

தயாரித்தவன் தானே போட்டான்.

ஒரு மணி நேரம் கழிந்தது. சாதாரணமும் முழுசாக நின்றது.

சகலை குளிர்பெட்டியிலிருந்து சீரம் பாட்டிலை எடுத்துத் திருப்பினான். கழுத்தில் பச்சை டேப். சகலை தன் பாட்டில்களுக்கு ஒட்டும் அடையாளம் அது. அடுத்த அறைக்காரர்களுக்கும் பச்சைதான். ஆனால் அவர்களிடம் அதற்கு அர்த்தம் வேறு: நொதிகளை முடக்கும் மருந்து கலந்தாயிற்று. இது அவர்களுடைய பாட்டில்.

"சத்தியமா கவனிக்கல சகலை."

இருக்கலாம். டேப் ஒரே நிறம். ஆனால் தண்ணீர் பாட்டிலைக்கூட மோந்து பார்த்துக் குடிக்கிறவனாயிற்றே இவன்.

தயாரித்தவன் நேராக மேடத்தின் அறைக்குப் போனான். "இன்னைக்குக் கையெழுத்து வேண்டாம் மேடம். சீரம் சரியில்ல."

மேடம் பேனாவை மூடினார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

மறுநாள் புது சீரத்தில் சாதாரணம் போன இடம் தெரியவில்லை. அவனுடையது சாயங்காலம் வரை பாதி நின்றது.

மேடம் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை நம்பலாம். வேற எங்க வெட்டுதுன்னு கண்டுபிடி. அங்கயும் மெத்தில் ஏத்து."

வண்டி நிறுத்துமிடத்தில் சகலை காத்திருந்தான். "என்னைத்தானே சந்தேகப்பட்டீங்க?"

"சீரத்தைத்தான்."

"சரி, வீட்ல சொல்லிடாதீங்க."

"எதை?"

சகலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.