கடைக்குக் கடை நின்றவன்

மதுரைக்குப் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று சதக் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கீழக்கரையை விட்டால் ராமநாதபுரம் சந்தை, அதை விட்டால் ஏர்வாடி கந்தூரி. அதற்கு மேல் உலகம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் காதால் கேட்ட பழக்கம்தான்.

"மதுரையில உனக்கு என்ன மச்சான் வேலை?" என்று கேட்டேன்.

"வேலை என்ன வேலை? கடல் கலங்கிக் கெடக்கு. வெள்ளிக்கிழமை எப்படியும் தொழில் கிடையாது. ஜும்ஆ முடிஞ்சு பஸ்ஸைப் பிடிச்சா பொழுது சாய ரயிலேறிரலாம். நாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருவோம். பெருசா ஒண்ணும் செலவு ஆகாது, வாடா."

கடல் கலங்கினால் சங்கு குளிக்கிறவனுக்குக் கை கட்டிப் போட்ட மாதிரிதான். அடியில் தன் கையே தனக்குத் தெரியாது. சதக் குளியாள், நான் அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன். காலில் கல்லை மாட்டிக்கொண்டு அவன் இறங்குவான். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் என் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது ஒரு இழுப்பு இழுப்பான், நான் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை வேறு எவனும் தொட மாட்டான். பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். தங்கச்சி கழுத்தில் தாலியாகக் கிடக்கும் கருகமணியை நினைக்கிறவன் அசந்துபோக மாட்டான் அல்லவா? அந்த மச்சானே கயிறு பிடிக்க மாட்டேன் என்று விலகிவிட்டால் அப்புறம் அந்தக் குளியாளை எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

என் தங்கச்சி சாலிஹாதான் அவன் பெண்டாட்டி. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவான். அதனால் சதக் என் உம்மா வீட்டில் ராஜா மாதிரி இருக்கிறான், நான் அடுத்த தெருவில் மாமியார் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு வர வேண்டிய மீன் தலையெல்லாம் அவன் தட்டுக்குப் போகிறது. இருந்தாலும் ஓதுகிற பள்ளியில் ஒன்றாக அடி வாங்கினவன். அவனை விட்டால் எனக்கும் ஆள் கிடையாது.

புறப்படுகிற அன்று சாலிஹா வழிச்சாப்பாட்டு மூட்டையை என் கையில் கொடுத்தாள். நிறைமாதம். கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"காக்கா, அவரைக் கண்ணை விட்டு அங்கிட்டு இங்கிட்டு விட்டுராதீங்க. ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு. என்னமோ மனசுல வச்சிருக்காரு."

போன வருஷம்தான் எங்கள் தெருவில் ஒருத்தன் மதுரைக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று போய், நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டான். பினாங்கிலிருந்து சலாம் மட்டும் வந்தது. இவனும் அப்படி ஒரு நினைப்பில் இருந்தால் என் தங்கச்சியின் கதி என்ன? அப்போதே முடிவு செய்தேன், மதுரை இருக்கட்டும், இவன் முதுகைப் பார்த்தால் போதும் என்று.

மதுரை ஸ்டேஷனில் இறங்கினதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜட்காவும் சைக்கிளும் கூட்டமும் நாலு பக்கமிருந்தும் வருகிறது. எங்கே பார்த்தாலும் சுவர், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு மனுஷன் சொல்ல முடியாது. என் உள்ளங்கை அரிக்கிறது. ஒரு கட்டத்தில் சதக்கின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். பூக்காரி ஒருத்தி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மேல மாசி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை பிடித்தோம். உச்சி மாடி அறை என்பதால் மலிவு. ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான் சதக்.

"மேல போனா இன்னும் நல்லாத் தெரியும்ல? வாடா."

"இருடா. அந்த வெளக்கைப் பாரு, எம்புட்டு வரிசையா எரியுதுன்னு."

விளக்கைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? கப்பலுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு எவனாவது கீழே நிற்கிறானோ, இவன் அவனைத்தான் தேடுகிறானோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு மாடுதான் நின்றது.

மறுநாள் காலையிலிருந்து இவன் என்னை விரட்டிய விரட்டு கொஞ்சமில்லை. மஹாலைப் பார்க்க வேண்டும் என்றான். மஹாலில் பாதிகூடப் பார்க்கவில்லை, விளக்குத்தூணுக்குப் போவோம் என்றான். அங்கே போனால், தெப்பக்குளம் எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறான். ஓரிடத்தில் உட்கார மனசில்லை. ஆனால் நடக்கிற வழியிலோ கடைக்குக் கடை நின்றான். குடைக்கடையில் நின்றான். பூட்டுக் கடையில் நின்று ஒவ்வொரு பூட்டாகப் பார்த்தான். புதுமண்டபத்தில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தூணில் சாய்ந்துகொண்டு ஒரு மிஷினை வெகுநேரம் பார்த்தான்.

"தையல் மிஷினுக்கும் உனக்கும் என்னடா சம்பந்தம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஊசி ஓடுறதைப் பாக்கிறேன்."

"உன் பெண்டாட்டி அங்கன வயித்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. நீ இங்கன ஊசி ஓடுறதைப் பாக்கிற. யாருக்குடா காத்திருக்க? சொல்லித் தொலை."

அவன் பக்கத்து வளையல் கடைக்கு நகர்ந்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறியிருப்பேன். சாலிஹா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் தெப்பக்குளத்தைப் பார்த்துவிட்டு, வண்டியூர் பக்கம் ஒரு தோப்பு வழியாகத் திரும்பி வந்தோம். தோப்புக்குள் பெரிய கிணறு. மில் வேலை முடிந்து குளிக்க வந்த நாலைந்து பேர் அதைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருடைய பித்தளைச் செம்பு கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். கல்யாணச் சீராம். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குதித்து, கண் சிவந்து, வெறுங்கையோடு ஏறி வந்திருந்தார்கள்.

எனக்கு மார்பு விரிந்துபோனது. காலையிலிருந்து இந்த ஊர் எங்களைப் பட்டிக்காட்டான் மாதிரி பார்த்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் சொல்ல இடம் கிடைத்தது.

"தள்ளுங்கய்யா," என்றேன். "இவர் யாருன்னு தெரியுமா? கீழக்கரைக் குளியாள். கடலுக்கு அடியில போயி மண்ணைத் தடவிச் சங்கு எடுக்கிறவரு. உங்க கிணறெல்லாம் அவருக்கு ஒரு குவளைத் தண்ணி."

சதக் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிபடவில்லை. பிறகு சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டான். படியில் இறங்கி, கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு, பிஸ்மி சொல்லி முழுகினான்.

கயிறு பிடிக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. குளியாள் தலை முழுகினதும் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். யாரும் சொல்லித் தந்ததல்ல, தானாக வந்துவிடும். என் மூச்சு முடிந்து, விட்டு, மறுபடி பிடித்து, அதுவும் முடிந்து, மூன்றாவது தடவை பிடிக்கும்போதுதான் சதக்கின் இழுப்பு வரும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது மாறினதில்லை. கடைசியாகப் போன நாளில் மட்டும் சீக்கிரம் இழுத்தான். கலங்கல் என்றான், நானும் நம்பினேன்.

அன்றும் மூச்சைப் பிடித்தேன். கையில் கயிறு இல்லாததால் அவன் சட்டையை இறுக்கிக்கொண்டேன்.

சதக் மேலே வந்துவிட்டான்.

என் மூச்சு இன்னும் உள்ளேயே இருந்தது.

படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு அவன் வாயைத் திறந்தான். மூச்சு உள்ளே போகும்போது கதவிடுக்கில் காற்று புகுகிற மாதிரி ஒரு சத்தம். கையில் செம்பு இல்லை. மில்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செம்புக்குச் சொந்தக்காரர் நல்ல மனுஷர். "பரவாயில்ல அய்யா, சேறு நெறைய இருக்கு," என்றார். கிணற்றுக்குள்ளே நானே குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

தோப்பு வரப்பில் அவனை உட்கார வைத்தேன். அவன் மூச்சு ஒரு நிலைக்கு வர வெகுநேரம் ஆனது. அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடிக்கு மாடி ஜன்னல், குடைக்கடை, பூட்டுக்கடை, தையல் மிஷின். பாவி அங்கெல்லாம் வேடிக்கை பார்க்கவில்லை, மூச்சு வாங்க நின்றிருக்கிறான்.

"எப்பருந்துடா?" என்றேன்.

"நோன்புப் பெருநாள் கழிஞ்சதுலருந்து. படுத்தா நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"அதைச் சொல்லாம மதுரையைச் சுத்திப் பாக்க வந்தியாக்கும்?"

"உப்புக் காத்துதான் இப்படிப் பண்ணுதுன்னு நெனைச்சேன் ஹமீது. கடலை விட்டுத் தள்ளி ஒரு ரெண்டு நாள் இருந்து பாத்தாத் தெரியும்ல? அதான் வந்தேன்." ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கடல் மேல தப்பில்லை. நான்தான்."

இவன் கப்பலேறி ஓடப் போகிறான் என்று நான் பயந்தேனே, அப்படி ஓடியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நேரம் நினைத்தேன். பினாங்கில் இருக்கிறவன் என்றைக்காவது திரும்பி வருவான்.

பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சிப் பார்த்தேன், மாட்டேன் என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் எதிரே உட்கார்ந்து என் முட்டியைப் பிடித்துக்கொண்டான். பரமக்குடி தாண்டும்வரை விடவில்லை.

"இந்த ஒரு சீசன் மட்டும்டா. புள்ளை பொறந்துரட்டும். அதுக்கப்புறம் வலை பின்னுறேன், கருவாடு காயப் போடுறேன், என்ன சொன்னாலும் செய்றேன். நீ யார்ட்டயும் சொல்லிராத. சாலிஹாகிட்டயும் சொல்லிராத. வல்லாஹின்னு சொல்லு."

"வல்லாஹி, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. சாலிஹாவுக்கு வாங்கின வளையலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கதவருகே போவேன், திரும்பி வருவேன். ரயிலில் எல்லாரும் என்னைத்தான் சீக்காளி என்று நினைத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கடல் தெளிந்தது. விடிந்ததும் எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள். கயிற்றைப் பிடிக்கிறவன்தான் அதைத் தன் வீட்டில் வைத்திருந்து கொண்டுவர வேண்டும். நான் வெறுங்கையோடு போனேன்.

வள்ளத்துச் சொந்தக்காரர் நெய்னா முகம்மது சம்மாட்டி என் கையைப் பார்த்தார். "கயிறு எங்கன?"

"நான் பிடிக்கலை சம்மாட்டி."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. இன்னைக்கு மட்டுமில்லை. இனிமே சதக்குக்கு நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

மச்சான் கயிற்றை விடுவதென்பது சாதாரணக் காரியமா? மதுரையில் என்னடா தகராறு என்று ஒருத்தன் கேட்டான். பொம்பளை விவகாரமாக இருக்கும் என்று இன்னொருத்தன் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன், கயிறு பிடிப்பேன் என்று சத்தியம் செய்யவில்லை. இன்னும் ஒரு நாழியில் சாலிஹாவுக்குச் செய்தி போய்விடும். அவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். பெருநாளைக்குக்கூட அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

சதக் வள்ளத்தில் கல்லருகே உட்கார்ந்திருந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தண்ணீரில் குதித்துக் கரையேறினான்.

"ஏலே ஹமீது! என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா? நீயெல்லாம் ஒரு மச்சானா?" என்று கத்திக்கொண்டு கையை ஓங்கியபடி மணலில் ஓடி வந்தான். அடிக்கத்தான் வந்தான். நானும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன்.

பாதி வழியில் அவன் கால் தயங்கியது. ஓங்கின கை கீழே வந்தது. முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டான். அந்தக் கதவிடுக்குச் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. கரை முழுக்க அவனையே பார்த்தது. மதுரையாக இருந்தால் பக்கத்தில் ஒரு குடைக்கடையாவது இருந்திருக்கும். இங்கே மணலை விட்டால் என்ன இருக்கிறது?

எனக்குத் தாங்கவில்லை. போய் அவனை ஒட்டி, வள்ளத்துக்காரர்களுக்கு மறைவாக நின்றேன். ஒன்றுமே இல்லாத தென்கடலைக் கைகாட்டினேன்.

"மச்சான், அந்தா பாரு. ஒரு பாய் தெரியுதுல்ல? யாரு வள்ளம் அது?"

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். பிறகு நான் காட்டின பக்கம் பார்த்தான். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏர்வாடிக்காரன்… மாதிரி… இருக்கு," என்றான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு," என்றேன். "அவசரமே இல்லை."